கம்ஃபர்ட்மேட்டிக் கியர்பாக்ஸ்: எண்ணெய் மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன், போன மாதம் 2012 மாடல் ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம் ஒன்று பழையதாக வாங்கினோம், 48,000 மைல் ஓடியது. கியர் கம்ஃபர்ட்மேட்டிக். கிளட்ச் மிதி கிடையாது, ஆனால் இது முழு ஆட்டோமேட்டிக்கும் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண ஆறு கியர் மேனுவல் பெட்டிதான், கிளட்சை அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஹைட்ராலிக் பம்ப் எண்ணெய் அழுத்தத்தால் செய்கிறது.

அதனால் எண்ணெயும் இரண்டு வகை. கியர்பாக்ஸுக்கு ஒன்று, அந்த ஹைட்ராலிக் பகுதிக்குத் தனி டப்பாவில் டுடேலா சிஎஸ் ஸ்பீட் என்ற எண்ணெய். பக்கத்து ஊர் மெக்கானிக் டப்பாவைப் பார்த்துவிட்டு "பிரேக் ஆயில் ஊற்றினால் போதும்" என்றார், நல்லவேளை நான் கூடவே நின்றேன்! பிரேக் ஆயில் கலந்தால் உள்ளே இருக்கும் சீல்கள் எல்லாம் போய்விடும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஹைட்ராலிக் எண்ணெயை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், அல்லது அளவு மட்டும் பார்த்தால் போதுமா? பம்ப் அழுத்தம் ஏற்றியிருக்கும்போது டப்பாவில் மட்டம் இறங்கித் தெரியும் என்பதால், எந்த நிலையில் அளந்து பார்க்க வேண்டும்? மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வண்டியில் இணைக்கும் கம்ப்யூட்டர் கட்டாயமா, அது இல்லாமல் வீட்டு வாசலிலேயே முடியுமா?

அப்புறம், மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்பது என் மனைவியின் பழக்கம். கிளட்ச் சூடாகும், ஹேண்ட்பிரேக் போடு என்றால் கேட்பதில்லை. நீங்களும் ஒரு வார்த்தை எழுதினால் காட்டிவிடுவேன்.