150 ரூபாய்க் கம்பியில் பிபிசி மைக்ரோ ஓடுமா? முதலில் எந்த மானிட்டர் என்று சொல்லுங்கள்

கீழக்கரை காக்கா:
மண்டபம் தம்பி போன வாரம் எழுதியதை இன்றுதான் படித்தேன். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பிபிசி மைக்ரோ என்ற பழைய வீட்டுக் கணினியை இன்றைய மானிட்டரில் ஓட்ட 150 ரூபாய்க் கம்பி போதும். எந்த விஜிஏ மானிட்டரிலும் படம் வரும். கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் காசைக் கடலில் போடுகிறார்கள்." இதுதான் அவர் எழுதியது. இதை நம்பி, தேவிபட்டினத்திலிருந்து ஒரு பையன் கம்பியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காயலான் கடையில் 600 ரூபாய் கொடுத்து மானிட்டர் வேறு வாங்கியிருக்கிறான். இணைத்துப் பார்த்தால் கறுப்புத் திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை அலைகிறது. பையன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் டி.வி. பழுது பார்த்தவன் சொல்கிறேன். பிபிசி மைக்ரோ ஒரு கோடு வரைய 64 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்ளும். அதாவது விநாடிக்கு 15,625 கோடு. 1981-இல் ஏக்கார்ன் நிறுவனம் அதை வீட்டு டி.வி.யில் மாட்டுவதற்காகச் செய்தது, டி.வி.யின் கணக்கு அதுதான். விஜிஏ மானிட்டர் கேட்பதோ ஏறத்தாழ 31,500. இரண்டு மடங்கு. செம்புக் கம்பி எப்படி இரண்டு மடங்காக்கும்?

மண்டபம் முகாம்:
காக்கா, நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். என் மேசையில் 17 அங்குலச் சதுர மானிட்டர் இருக்கிறது. கணினியின் ஆறுமுனை டின் பிளக்கில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், 4 சிங்க் (ஒவ்வொரு கோடும் எப்போது தொடங்கும் என்று மானிட்டருக்குச் சொல்லும் குறி), 5 எர்த். ஆறாவது முனையில் 5 வோல்ட் வரும், அதைத் தொடவில்லை. நான்காவதை விஜிஏயின் 13-ஆம் முனையில் ஈயம் வைத்துப் பிடித்தேன். சுவிட்சைப் போட்டதும் இரட்டை ஒலி கேட்டது. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரி வந்தது, கீழே 'பேசிக்' என்று வந்தது. எழுத்து கொஞ்சமும் ஆடவில்லை. உங்கள் பையன் கம்பியை ஒழுங்காகப் பிடித்திருக்க மாட்டான்.

கீழக்கரை காக்கா:
கம்பியை நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். முனைக்கு முனை சரி. நிறக் கம்பி மூன்றிலும் ரெசிஸ்டர்கூடப் போட்டிருக்கிறான், விஜிஏக்கு 0.7 வோல்ட்தான் போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். நீங்கள் போட்டீர்களா?

அது இருக்கட்டும். எந்த மானிட்டர்? "எந்த விஜிஏ மானிட்டரிலும்" என்று எழுதினீர்கள். "என் மானிட்டரில்" என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். 15 கிலோஹெர்ட்சை, அதாவது விநாடிக்குப் பதினைந்தாயிரம் சொச்சம் கோட்டை, ஏற்றுக்கொள்ளும் மானிட்டர்கள் விரல்விட்டு எண்ணும்படி உண்டு. பென்க்யூ பிஎல்702ஏ அப்படி ஒன்று. உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம். முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள்.

தொண்டி பாய்மரம்:
இதற்கு இத்தனை பேச்சா? நான் 450 ரூபாய்க்கு ஏவி-எச்டிஎம்ஐ பெட்டி வாங்கினேன். கணினியின் பின்னால் வட்டமாக இருக்கும் வீடியோ முனையிலிருந்து ஒரே கம்பி, பெட்டியிலிருந்து புதிய மானிட்டருக்கு இன்னொரு கம்பி. ஐந்து நிமிட வேலை. படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. பிபிசி மைக்ரோவே கறுப்பு வெள்ளைதானே, அதில் எனக்குக் குறை இல்லை.

கீழக்கரை காக்கா:
பிபிசி மைக்ரோ எட்டு நிறம் காட்டும் கணினி. கறுப்பு வெள்ளை என்று எழுதி வைக்காதீர்கள், நாளைக்கு இன்னொரு பையன் அதையும் நம்புவான். அந்த வீடியோ முனையில் நிறம் வராதபடி ஆலையிலேயே விட்டுவிட்டார்கள். பலகையில் எஸ்39 என்று அச்சடித்த இடத்தைச் சேர்த்தால் நிறம் வரும். இன்னொன்று, கணினி விநாடிக்கு 50 படம் அனுப்புகிறது. உங்கள் பெட்டி அதை 60 ஆக்குகிறது. நகரும் படம் தத்தித் தத்திப் போகும்.

தொண்டி பாய்மரம்:
நாற்பது வருடப் பலகையில் நான் சூடு வைக்க மாட்டேன். கடலுக்கு இருநூறு அடியில் வீடு. சிப் காலெல்லாம் ஏற்கெனவே பச்சைக் களிம்பு பிடித்து நிற்கிறது. தொட்டால் எது உடையும் என்று தெரியாது. நான் பேசிக்கில் நிரல் எழுதுகிறவன், பந்து தத்தினால் எனக்கு என்ன? படம் வருகிறது, அவ்வளவுதான்.

மண்டபம் முகாம்:
ஆடுகிறது, ஓடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். '*டிவி 0,1' என்று அடியுங்கள். கணினி விஜிஏக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும். நான் அதைத்தான் அடித்தேன்.

கீழக்கரை காக்கா:
இது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு.

அந்த ஆணையின் முதல் எண் படத்தை மேலும் கீழும் நகர்த்தும். இரண்டாவது எண் ஊடுவரியை நிறுத்தும்; கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் வரைவதுதான் ஊடுவரி, எழுத்து ஆடுவது அதனால்தான். கோட்டின் நீளத்தை அது தொடுவதே இல்லை. கோட்டின் நீளம், படத்தின் நேரக் கணக்கைப் பார்க்கும் 6845 சிப்பின் பூஜ்யமாவது பதிவேட்டில் இருக்கிறது. இந்தக் கணினிக்குப் பல திரை முறைகள் (மோட்) உண்டு, அதில் முறை 0-இல் அங்கே 127 என்று எழுதியிருக்கும். ஒன்றைக் கூட்டினால் 128, ஒவ்வொன்றும் அரை மைக்ரோ விநாடி. பெருக்கிப் பாருங்கள், 64. நூறு முறை '*டிவி' அடித்தாலும் 64 மைக்ரோ விநாடி 64-தான்.

இன்னும் கேளுங்கள். சுவிட்சைப் போட்டதும் வருவது முறை 7. அதில் ஊடுவரியை அந்த ஆணையால் நிறுத்தவே முடியாது. அப்படியிருக்க "எழுத்து கொஞ்சமும் ஆடவில்லை" என்கிறீர்கள். எந்த மானிட்டர் அது?

பாம்பன் பாலத்தடி:
என்னிடம் இருப்பது ஸ்பெக்ட்ரம் 48கே என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினி. கேபிள் டி.வி. காலத்து டியூனர் பெட்டி ஒன்று 200 ரூபாய்க்குக் கிடைத்தது, ஆன்டெனா கம்பி ஒரு பக்கம் நுழையும், விஜிஏ மறுபக்கம் வரும். யுஎச்எஃப் 36-ஆம் சேனலில் தேடினேன், படம் வந்து நின்றது. கணினியைத் திறக்கவே இல்லை. பிபிசி மைக்ரோவிலும் யுஎச்எஃப் முனை இருக்கிறது, ஏன் யாரும் அதைப் பேசவில்லை? அப்பா இலங்கைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு "இப்போது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா" என்று மாடியிலிருந்து கூப்பிட்டதுதான் நினைவுக்கு வந்தது.

கீழக்கரை காக்கா:
ஸ்பெக்ட்ரமுக்கு நல்ல வழி, குறை சொல்ல மாட்டேன். பிபிசி மைக்ரோவில் வரிக்கு 80 எழுத்து வரும் முறையை ஆன்டெனா வழியாகப் பார்த்தால் கண் போய்விடும், அதனால்தான் பேசவில்லை.

1982-இல் இலங்கை டி.வி.யான ரூபவாஹினி தொடங்கியபோது இந்தக் கரையில் மாடி மாடியாக ஏறி ஆன்டெனா கட்டியவன் நான். பிதுருதலாகலை மலைக்கு நேராகத் திருப்பி, குழாயை நான்கு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுவோம். கச்சான் காற்றில்கூட என் குழாய் ஒன்றும் சாயவில்லை.

பாம்பன் பாலத்தடி:
எங்கள் வீட்டுக் குழாய் இரண்டு முறை சாய்ந்தது. கட்டியவர் கீழக்கரையிலிருந்து வந்தவர்தான்.

கீழக்கரை காக்கா:
பாம்பனில் நான் கட்டியது மூன்று வீடு. மூன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றும் சாயவில்லை.

சாயல்குடி பனங்காடு:
ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிபிசி மைக்ரோ ஆர்வலர்கள் தங்கள் கணினிக்காகத் தொடங்கியது, வரைபடம் எல்லாம் திறந்த மூலம். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற கையளவுக் கணினியும் ஒரு சின்னப் பலகையும் வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே எடுத்து எச்டிஎம்ஐயில் தரும், மங்கலே இல்லை. எனக்கு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது.

மண்டபம் முகாம்:
நாம் பேசுவது குறைந்த செலவு. 3,200 ரூபாய் என்பது எங்கள் பக்கம் ஒரு படகு கடலுக்குப் போய்வர ஊற்றும் டீசலில் பாதி.

சாயல்குடி பனங்காடு:
பையன் வீணாக்கிய 750 ரூபாயையும் கணக்கில் சேருங்கள் தம்பி.

மண்டபம் முகாம்:
யார் வீணாக்க வைத்தது என்று பேசினால் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் காக்காவிடம் 900 ரூபாய்க்கு பிபிசி மைக்ரோவின் மின்வழங்கிப் பெட்டி வாங்கினேன். "கல்மாதிரி இருக்கும்" என்றார். இருபது நிமிடத்தில் வெள்ளைப் புகை. வீடு முழுக்க நாற்றம், அம்மா வாளியோடு ஓடி வந்தார். இவர் எனக்கு 15 கிலோஹெர்ட்ஸ் பாடம் நடத்துகிறார்.

கீழக்கரை காக்கா:
பெட்டியைக் கொடுக்கும்போதே சொன்னேன், உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் கண்ணாடிபோன்ற மேலுறை போட்ட கண்டென்சரை மாற்றாமல் சுவிட்சைப் போடாதே என்று. வயதானால் அந்த உறை வெடித்து ஈரத்தைக் குடிக்கும், நம் கரையில் கேட்கவே வேண்டாம். கண்டென்சரைக்கூட ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். மாற்றினாயா? மாற்றவில்லை. மறுநாள் வந்து என் திண்ணையில் உட்கார்ந்து அதை ஒத்துக்கொண்டுதான் தேநீர் குடித்துவிட்டுப் போனாய்.

புகை வந்தது கண்டென்சரால். பையன் ஏமாந்தது உன் எழுத்தால். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே. எந்த மானிட்டர்?

மண்டபம் முகாம்:
காகிதம் எதுவும் எனக்குத் தரவில்லை. தேநீர் குடித்தது உண்மை, ஒத்துக்கொண்டது பொய்.

தேவிபட்டினம் டீச்சர்:
அந்தப் பையன் என் மகன். பள்ளியில் கழித்துப்போட்ட கணினியை, முறைப்படி ஏலத்தில் எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். 1984-இல் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்த திட்டத்தில் வந்தது. இரண்டு மாதமாகத் துணியும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொரு சாவியாகத் துடைத்திருக்கிறான், 'எஸ்' சாவி மட்டும் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. காக்கா அவனுக்கு அன்றைக்குச் சோறு போட்டு அனுப்பினார், அதை மறக்க மாட்டேன். தம்பி, நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இன்னும் 500 ரூபாய்தான் என்னால் போட முடியும். என்ன வாங்கட்டும்?

தொண்டி பாய்மரம்:
450 ரூபாய்ப் பெட்டி, டீச்சர். ஆனால் நீங்கள் எடுத்த 600 ரூபாய் மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா?

தேவிபட்டினம் டீச்சர்:
இல்லை. விஜிஏ மட்டும்தான்.

பாம்பன் பாலத்தடி:
அப்படியானால் டியூனர் பெட்டி. அதில் மஞ்சள் ஏவி முனையும் இருக்கும், ஆன்டெனா வழி வேண்டாம் என்றால் அதில் மாட்டலாம். எனக்குக் கிடைத்த கடையிலேயே இன்னொன்று கிடக்கிறது.

கீழக்கரை காக்கா:
எஸ்39-ஐ நான் சேர்த்துத் தருகிறேன், காசு வேண்டாம், பையனை அனுப்புங்கள். டியூனர் பெட்டியில் முறை 7 எழுத்து ஓரம் சிதறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்துக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. டீச்சர் கேட்டது வேறு, நான் கேட்டது வேறு.

மண்டபம் முகாம்:
டீச்சர், என் மானிட்டரையே எடுத்துக்கொண்டு தேவிபட்டினம் வருகிறேன். உங்கள் மகன் செய்த அதே கம்பியைப் போட்டுக் காட்டுகிறேன். காக்காவும் வரட்டும்.

கீழக்கரை காக்கா:
வருகிறேன். உங்கள் மானிட்டரில் படம் வந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை, அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பையன் வாங்கிய 600 ரூபாய் மானிட்டரில் காட்டுங்கள். "எந்த விஜிஏ மானிட்டரிலும்" என்று எழுதினீர்களே.

மண்டபம் முகாம்:
அது பழுதான மானிட்டராக இருக்கலாம்.

கீழக்கரை காக்கா:
என் பேரனின் லேப்டாப்பை அதில் மாட்டிப் பார்த்தேன். படம் கண்ணாடிபோல் வந்தது. சீட்டு எங்கே?

பாம்பன் பாலத்தடி:
அம்மாவிடம் கேட்டேன் காக்கா. குழாய் சாய்ந்தது இரண்டு முறைதான். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கூரையில்.