'அரசியல் உதாசீனம்' என்பதற்கு மாற்றுச் சொல் தேவை: திங்கட்கிழமைக்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்பின் குழுமத்தினருக்கு வணக்கம். இலங்கை இளைஞர்களுக்கான மும்மொழிக் குடியுரிமைக் கல்விக் கையேடு ஒன்றின் தமிழ்ப் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். சாதாரண மக்களுக்கு அரசியலில் நாட்டம் குறைந்து வருகிறதா என்று ஆராயும் அத்தியாயத்துக்குச் சிங்களத்தில் 'தேசபாலன உதாசீனத்வய' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அதை 'அரசியல் உதாசீனம்' என்று எழுதி வீட்டில் வாசிக்கக் கொடுத்தேன். அரசியல்வாதிகள் மக்களை உதாசீனம் செய்வதைப் பற்றிய அத்தியாயம் என்றே எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். 'அக்கறையின்மை' என்றால் வாசிக்கும் பிள்ளையைக் கண்டிப்பது போலிருக்கிறது. குற்றம் சாட்டாததாகவும், 'அப்படிப்பட்டவர்' என்று ஆட்பெயராக்கக் கூடியதாகவும் ஒரு சொல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, சொல் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதைப் புழங்காமல் விட்டுவிட்டோம். 'நடுவு நிலைமை' அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் விளக்கத்தில் 'பகை, நொதுமல், நண்பு' என்று மூன்று பகுதி சொல்கிறார். பகையும் இல்லை, நட்பும் இல்லை என்ற இடைநிலையே நொதுமல். 'உதாசீன' என்ற வடசொல்லும் எட்ட அமர்ந்திருப்பவர் என்றுதான் முதலில் பொருள்பட்டது. சிங்களத்தார் அந்தப் பொருளை இன்றும் காப்பாற்றி வைத்திருக்க, தமிழில் அது அவமதிப்பாகத் திரிந்துவிட்டது. ஆகவே அரசியல் நொதுமல், நொதுமலர், நொதுமற்போக்கு என்று எத்தனை வடிவம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகளைச் சொல்லும்போது குறிலில் அமைந்தவை இரண்டே என்று 'நொ', 'து' ஆகியவற்றைக் காட்டுகிறார். நொ என்றால் வருந்து. து என்றால் உண். வருத்தத்தையே உண்டு பழகிப்போனவரின் நிலை நொதுமல் என்று கொண்டால், இந்த நாட்டு வாக்காளருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

புதுக்கடையிலிருந்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் புலமைக்கு முன் நான் சிறியவன். ஆயினும் நன்னூலார் அவ்விரண்டையும் அருகருகே வைத்தது அவை இரண்டு மட்டுமே குறில் என்பதனாலேயன்றி, உறவு கருதி அன்று. அது கிடக்கட்டும். 'நொதுமல்' என்று தலைப்பிட்டால் பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பாடத்து நொதியமும் நொதித்தலுமே நினைவுக்கு வரும். அரசியல் எதற்காகப் புளிக்கிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

இலக்கியத்தையே எடுத்துக்கொண்டாலும் ஐயாவின் சொல் தலைகீழாக நிற்கிறது. அகத்திணையில் 'நொதுமலர் வரைவு' என்பது, தலைவியோடு யாதொரு தொடர்பும் இல்லாத அயலார் அவளைப் பெண் கேட்டு வருவது. கேட்டு வருபவரே நொதுமலர். வாசலில் நிற்பவரைக் கண்டு மனம் ஒட்டாமல் இருப்பவள் தலைவி. அந்த வழக்கின்படி துண்டுப்பிரசுரத்தோடு படலையைத் தட்டும் வேட்பாளர்தான் நொதுமலர் ஆவார்.

நீதிமன்றத்தில் நாள்தோறும் மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளக்கம் கேட்கவேண்டிய சொல், சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு உதவாத சொல். 'அரசியல் ஆர்வக் குறைவு' என்று எழுதிவிட்டுப் போங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து, உயர்தர அரசறிவியல் ஆசிரியர்:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். ஆர்வம் குறைந்துவிட்டது என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று வாக்களிப்பு வீதம். 2024 செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தலில் 79.46 வீதமாக இருந்தது நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் 68.93 ஆனவுடன் மக்கள் சலித்துவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் 2019இல் 83.72 வீதம் வாக்களித்த நாடு 2020இல் 75.89க்கு இறங்கியது, 2010 சனவரியில் 74.5 ஆக இருந்தது ஏப்ரலில் 61.26 ஆனது. சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு பாராளுமன்றத் தேர்தல் வந்தால் வீதம் இறங்குவது நமக்குப் பழகிய சங்கதி. 2010இல் இருந்ததைவிட 2024இல் வாக்களிப்பு அதிகம் என்பதை வைத்து ஆர்வம் வளர்ந்துவிட்டது என்று ஒருவர் வாதாடினால் அவரையும் மறுக்க முடியாது.

வீதத்தைக் கணிக்க வகுக்கும் வாக்காளர் தொகையிலும் சிக்கல் உண்டு. கட்டாரிலும் குவைத்திலும் உழைப்பவர்களின் பெயர்கள் ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கின்றன. அங்கிருந்து வாக்களிக்க நம் சட்டத்தில் வழி இல்லை. அவர்கள் எல்லோரும் கணக்கில் ஆர்வமற்றவர்களாகிவிடுகிறார்கள். மறுபுறம், 2024 நவம்பரில் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அவற்றில் எத்தனை வேட்பாளருக்குரிய விருப்பு இலக்கத்தில் தடுமாறியவை, எத்தனை வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவை என்று சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு, சீட்டு முழுவதும் குறுக்குக் கோடு இழுத்துவிட்டு வருபவரை நொதுமலர் என்று எந்த உரையாசிரியரும் சொல்லமாட்டார்.

புறக்கணிப்பு வேறு வகை. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது அரசியல் மிகுதியால். 2005இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு 2 வீதத்தையும் எட்டாமற் போனது விடுதலைப் புலிகள் விதித்த தடையால். 2022இல் சனாதிபதி பதவி விலகவேண்டும் என்று காலிமுகத்திடலை நிறைத்துப் போராடியவர்களோ அந்த ஆண்டு முழுவதும் வாக்குச்சீட்டையே காணாதவர்கள். வாக்களியாமை, புறக்கணிப்பு, நாட்டமின்மை ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் அடைத்தால், எந்தச் சொல்லை வைத்தாலும் அத்தியாயம் பிழையாகவே இருக்கும்.

வத்தளையிலிருந்து, பாடசாலை ஆசிரியை:

சேர் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் மாமா கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் வேலை செய்கிறார். வாக்கு ஹற்றனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதிவாகியிருக்கிறது. நுவரெலியா மாவட்ட வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களை அவர் மனப்பாடமாகச் சொல்வார். யார் எந்தக் கட்சியிலிருந்து எப்போது தாவினார் என்பதும் தெரியும். தூரத்தைப் பொறுத்து விடுமுறை கொடுக்கவேண்டும் என்று அறிவுறுத்தல் இருந்தும், முதலாளி கொடுத்தது அரைநாள். பஸ்தியன் மாவத்தை பஸ் நிலையத்துக்குப் போய், ஏற முடியாத நெரிசலைப் பார்த்துவிட்டுக் கடைக்கே திரும்பினார். கையேட்டின்படி அவர் உதாசீனர்.

ஆகவே 'இன்மை' என்று முடியும் எந்தச் சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. அது குறையை ஆளிடம் வைக்கிறது. ஒதுங்கு என்பது தன்வினை. ஒதுக்கு என்பது பிறவினை. அடங்கு என்பதிலிருந்து அடக்கமும் முடங்கு என்பதிலிருந்து முடக்கமும் வருவது போல, ஒதுங்கு என்பதிலிருந்து ஒதுக்கம் வருகிறது. அந்த ஒரே வடிவத்தில் ஒதுக்கப்பட்டதும் கேட்கிறது. தானாக விலகினாரா, பிறர் தள்ளினாரா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத சொல் 'அரசியல் ஒதுக்கம்'. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றோர் என்ற சொல் முற்றாக நீங்காத மலையகத் தமிழ்ச் சமூகத்தைப் பற்றி எழுதும்போது இந்த இரட்டைப் பொருள் அவசியம் என்று நினைக்கிறேன்.

புதுக்கடையிலிருந்து:

அம்மா, வாதம் அருமை. ஆனால் 'ஒதுக்கம்' என்று கண்டவுடன் அரசாங்க ஊழியர் எவரும் வரவு செலவுத் திட்டத்தையே நினைப்பார். அரசியல் ஒதுக்கம் என்றால் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில், அதாவது ஊர் வேலைகளுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் வழியாக ஒதுக்கும் பணத்தில், ஓர் உறுப்பினருக்கு எவ்வளவு என்று கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஒதுக்கம் என்பதற்குப் பழைய இலக்கியத்தில் நடை என்றும் பொருள் உண்டு. ஒதுங்குதல் என்றால் மெல்ல நடத்தல். ஆகவே ஆசிரியை சொல்லும் சொல்லை இலக்கணத்தால் மறுக்க மாட்டேன். 'ஆர்வம்' தமிழ்ச்சொல் அன்று என்று யாரும் தனிமடலில் எழுதவேண்டாம். வள்ளுவரே 'அன்பு ஈனும் ஆர்வம்' என்கிறார். அங்கே அது அன்பின் பிள்ளை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அரசியல்வாதியிடம் அன்பு இருந்து, அது குறைந்தால்தானே ஆர்வக் குறைவு?

பம்பலப்பிட்டியிலிருந்து:

ஐயா விளையாட்டாகச் சொன்னாலும் அங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஆர்வம் மனத்தில் இருப்பது. ஈடுபாடு கையும் காலும் சென்று சேர்வது. தேர்தல் இரவில் விடியும்வரை தபால் வாக்கு முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில் ஆர்வத்துக்குப் பஞ்சம் இல்லை. ஈடுபடும் இடங்கள்தான் அடைபட்டுப் போயின. மாகாண சபைத் தேர்தல் கடைசியாக ஊவாவில் 2014இல் நடந்தது. 2018 பெப்ரவரிக்குப் பிறகு நாடு தழுவிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் வந்தது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்தது பணம் இல்லை என்ற காரணத்தால் நின்றுபோனது, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வடிகான் அடைத்தால் முறையிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் தெரிவான ஓர் உறுப்பினர்கூட இல்லாத வட்டாரத்தில், மக்கள் ஆர்வம் இழந்தார்கள் என்று எழுதுவது அநியாயம். 2025இல் வாக்களிப்பு மேலும் குறைந்ததை, இடைவெளியில் பழக்கம் விட்டுப்போனதன் விளைவாகவே நான் பார்க்கிறேன். என் வாக்கு 'ஈடுபாட்டுக் குறைவு' என்பதற்கு.

வத்தளையிலிருந்து:

தலைப்புக்கு அது போதும், எதிர்க்கவில்லை. ஆனால் மலையகத்தவர் பற்றிய பத்தியில் 'ஒதுக்கம்' இருக்கட்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு இரவாகிவிட்டது. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர், சிலர் மனமில்லாமலேயே, 'அரசியல் ஈடுபாட்டுக் குறைவு' என்பதை ஏற்றிருக்கிறார்கள். அதையே தலைப்பாக வைக்கிறேன். வாக்களியாமையையும் புறக்கணிப்பையும் வெவ்வேறு பத்திகளாகப் பிரித்துவிட்டேன். மலையகப் பத்தியில் 'அரசியல் ஒதுக்கம்' இருக்கும். நிதி ஒதுக்கீடு என்று மயங்காதிருக்க முதல் தடவை ஒரு வாக்கிய விளக்கம் கொடுத்திருக்கிறேன். ஆட்பெயர் வேண்டும் என்று கேட்டதைக் கைவிட்டுவிட்டேன்; அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே இப்போது சந்தேகம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

பெரும்பான்மை முடிவு சரியான முடிவாகிவிடாது என்பதைக் குடியுரிமைக் கல்விக் கையேட்டுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆட்பெயர் இல்லாமற் போனதற்குக் காரணம் ஆள் இல்லை என்பதன்று. சொல்லை வேண்டாம் என்றீர்கள். 'நொதுமலர்' பின்னிணைப்புச் சொல்லடைவிலாவது ஒரு வரியில் இடம்பெறவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிற்க, அச்சகத்தார் எழுத்துருவை மாற்றும்போது ஒற்றெழுத்துகளை உதிர்த்துவிடுவார்கள். 'ஈடுபாட்டுக் குறைவு' என்பதில் க் இருக்கிறதா என்று மெய்ப்பில் ஒருமுறை பார்த்துவிடு, பிள்ளை.