தனியாக டெஸ்டிங் செய்தது போதுமா, டீமுக்கு மாறலாமா?

குடியாத்தம்_பொண்ணு:
வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலூரில் ஒரு சின்ன கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங் (சாஃப்ட்வேரை நாமே ஓட்டிப் பார்த்துக் கோளாறு தேடுவது) செய்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். டெவலப்பர்கள் ஐந்து பேர், டெஸ்டர் நான் மட்டும்தான். நான் சரி என்றால் ரிலீஸ், நான் எதை விட்டேன் என்று சொல்ல ஆளே இல்லை. இப்போது சென்னையில் ஒரு இடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள், டெஸ்டர்களே எட்டு பேராம், ஆனால் மாதாமாதம் யார் எத்தனை பக் (கோளாறு) கண்டுபிடித்துப் போட்டார்கள் என்று கணக்கெடுப்பார்களாம். போகலாமா, இல்லை இங்கேயே இருந்து ஆட்டோமேஷன் (டெஸ்டை புரோகிராம் வைத்துத் தானாக ஓட்டுவது) படிக்கலாமா?

காட்பாடி_சீசன்டிக்கெட்:
தினமும் ரயிலில் போய்வருகிற திட்டமென்றால் வேண்டாம் தங்கச்சி. 130 கிலோமீட்டர்தானே என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். ரூம் எடுத்துத் தங்குவதானால் யோசி.

மக்கன்பேடா:
எட்டு பேர் இருந்தால் மட்டும் டீம் ஆகிவிடாது. பக் எண்ணிக்கைக்கு மார்க் போடும் இடத்தில் ஒரே கோளாறை மூன்றாக உடைத்துப் போடுவார்கள், பக்கத்து சீட்டுக்காரர் ஏதாவது துப்பு கிடைத்தால் வாயே திறக்க மாட்டார். நான் அப்படி ஒரு இடத்தைவிட்டு ஓடிவந்தவன். இன்டர்வியூவில் நேராகவே கேளுங்கள்: ஒருவர் எழுதிய டெஸ்ட் கேஸை (எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பை) இன்னொருவர் பார்ப்பாரா, பேர் டெஸ்டிங் (இருவர் ஜோடியாக டெஸ்ட் செய்வது) உண்டா?

பேர் டெஸ்டிங்கில் ஒருவர் மவுஸைப் பிடிப்பார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே நோட் எடுப்பார், நடுவில் இடம் மாறுவார்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மூளை ஓடாது. உங்கள் சாஃப்ட்வேரையே எடுங்கள். ஜோடி எண்ணிக்கையில் 0, 1, -1, எழுத்து எல்லாம் அடித்துப் பார்த்திருப்பீர்கள். செக்கிங்கில் இடது கால் ஷூ மட்டும் கழிந்தால் வலது கால் எந்தக் கணக்கில் போகும்? தோல் சதுர அடியில் தசமத்தோடு வருகிறது, ஷூ முழு எண்ணில் போகிறது, நடுவில் மிச்சம் எங்கே? ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் முதல் பத்து நிமிடத்தில் இதைக் கேட்டிருக்கும்.

ராணிப்பேட்டை_ஆட்டோமேஷன்:
எனக்கு உடன்பாடில்லை. இங்கேயே இருந்து ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் (டெஸ்டர்களுக்கான சர்டிபிகேட் பரீட்சை) எழுதட்டும், 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் பாஸ். கூடவே செலினியம் (வெப் பக்கங்களைத் தானாக டெஸ்ட் செய்ய உதவும் கருவி), அது 2004-இல் வந்தது என்றாலும் வேலை விளம்பரத்தில் இன்னும் கேட்கிறார்கள். சேர்ந்து வேலை செய்யத்தான் ஐந்து டெவலப்பர்கள் இருக்கிறார்களே, கோட் எழுதும்போதே பக்கத்தில் போய் உட்காரலாம்.

மக்கன்பேடா:
உட்காரட்டும், நல்லதுதான். ஆனால் டெவலப்பர் தான் எழுதியது ஓடுகிறதா என்று பார்ப்பார், எங்கே உடையும் என்று தேட இன்னொரு டெஸ்டர்தான் வேண்டும். சர்டிபிகேட் ரெஸ்யூமேக்கு உதவும், அது வேறு விஷயம்.

குடியாத்தம்_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. இப்போதே 0.5 ஜோடி என்று அடித்துப் பார்த்தேன், எடுத்துக்கொண்டது, ரிப்போர்ட்டில் 1 என்று காட்டுகிறது! இன்டர்வியூவில் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். இதை பக் என்று போடுவதா, புது ரிக்வயர்மென்ட் (புதிதாகச் சேர்க்க வேண்டிய தேவை) என்று போடுவதா?

ராணிப்பேட்டை_ஆட்டோமேஷன்:
அரை ஜோடி ஒன்றாக மாறுவது பக், உடனே போடு. ஒற்றை ஷூவுக்குத் தனிக் கணக்கு வேண்டுமா என்பதை கஸ்டமரிடம் கேட்டுவிட்டுத் தனியாகப் போடு.