உதவி: மோத்தா என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? (சனிக்கிழமைக்குள் வேணும்)

அரைப்பக்கம் | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். எங்க குடும்பப் பெயர் மோத்தா. இது எங்கிருந்து வந்துச்சு, எத்தனை பேருக்கு இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? அப்பா அம்மாவோட ஐம்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு சின்ன மலர் போடுறோம். குடும்பப் பெயருக்குன்னு அரைப்பக்கம் ஒதுக்கிட்டு, எழுத ஒண்ணுமில்லாம உட்கார்ந்திருக்கேன். அச்சகத்துக்கு சனிக்கிழமை மேட்டர் போயாகணும். நெட்ல தேடினா தென்னாப்பிரிக்கான்னு வருது. எங்க வம்சத்துல கடல் தாண்டி யாரும் போனதே இல்லை. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மண்வாசனை | 11.52

எந்த ஊர்?

சும்மா வந்தேன் | 11.58

இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? எந்த சைட்ல பார்த்தீங்க? கிறிஸ்தவரா, இந்துவா? இதெல்லாம் சொல்லாம எப்படி?

வேர்ச்சொல் பித்தன் | புதன், காலை 6.10

ஐயா, இதில் குழப்பமே வேண்டாம். மோத்தா என்பது மூத்தார் என்பதன் திரிபு. மூத்த குடி, மூத்த மகன், மூத்தார். மூ என்பது மோ ஆனது. தூய தமிழ்ப் பெயர். அரைப்பக்கம் என்ன, நான் நான்கு பக்கம் எழுதித் தருகிறேன்.

மாட்டுங்கா மாமா | 7.25

எங்க பில்டிங்ல குஜராத்திக்காரர் ஒருத்தர் இருக்கார், அவரை எல்லாரும் மோட்டா பாய்னு கூப்பிடுவாங்க. குஜராத்தியில மோட்டான்னா பெரியவர். ஹிந்தியில சொன்னா குண்டு. பார்த்து எழுதுங்க தம்பி.

சும்மா வந்தேன் | 7.40

அது ட. இவர் கேட்கறது த. முதல்ல இவர் ஊரைச் சொல்லட்டும்.

பழைய ரிக்கார்டு | 9.05

இந்தத் தளத்தில் குடும்பப் பெயர் பற்றி எத்தனை முறை பேசியாகிவிட்டது! தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அழகுக்கு வைத்ததல்ல. கேட்பவர் ஊர் சொல்லவில்லை, மதம் சொல்லவில்லை, எழுத்துக்கூட்டல் சொல்லவில்லை. மருத்துவரிடம் போய் 'எனக்கு வலிக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்: நீங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர் என்றால் பதில் ஒன்று. இல்லை என்றால் வேறு. விவரம் வரட்டும்.

அரைப்பக்கம் | பகல் 1.15

சாரி, ஆபீஸ்ல இருந்து போடறேன். தூத்துக்குடிதான். மோத்தான்னாலே தெரியும்னு நினைச்சேன். ஆர்.சி. இங்கிலீஷ்ல எம் ஓ டி ஹெச் ஏ. தாத்தா காலத்துலயே மதுரை வந்துட்டோம்.

முத்துச்சிப்பி | 1.31

தூத்துக்குடியா! அப்ப முத்துதான் மோத்தா. முத்துக் குளித்தவர்கள், முத்தா, மோத்தா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பழைய ரிக்கார்டு | 1.50

ஆதாரம் என்று ஒன்றாவது வேண்டும்.

1530களில் முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிக் கரையின் பரதவர்களுக்கும் கரையோர முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றியது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அந்த வழியைக் காட்டியவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர். 1513இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரி லிஸ்பனுக்கு அனுப்பிய மலையாளத்துக்காரர், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவர். அவர் சொன்னபடி இவர்கள் மதம் மாறச் சம்மதித்தார்கள். 1536, 37 வாக்கில் மிகுவேல் வாஸ் போன்ற குருக்கள் ஊர் ஊராக வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். புனித சவேரியார் வந்து சேர்ந்ததே 1542இல்தான். சவேரியார்தான் எல்லோரையும் மாற்றினார் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுகீசியன் பெயர் பிள்ளைக்கு ஒட்டியது. அப்படி வந்தவைதான் பர்னாந்து, வாஸ், மச்சாது, கர்வாலோ, மிராண்டா, மோத்தா எல்லாம். போர்ச்சுகீசில் அது மோத்த, முழுதாகச் சொன்னால் 'த மோத்த'. அர்த்தம் மண்மேடு. கோட்டை கட்ட எழுப்பும் மேடு, ஆற்றங்கரை அணை இரண்டுக்கும் அந்தச் சொல் உண்டு. மச்சாது கோடரி, கர்வாலோ ஓக் மரம். மரம் மட்டை பெயர்கள். இதில் வம்சப் பெருமை தேட ஒன்றுமில்லை.

வேர்ச்சொல் பித்தன் | 2.20

மண்மேடு என்றீர்களே, நன்றி ஐயா! தமிழில் மோடு என்றாலே மேடு, உயரம். மோடு, மோட்டா, மோத்தா. போர்ச்சுகீசியன் எங்கிருந்து எடுத்தான் என்று இப்போது புரிகிறதா?

பழைய ரிக்கார்டு | 2.24

காலையில் மூத்தார். மத்தியானம் மோடு. ராத்திரிக்கு என்ன?

கடற்படை ரத்தம் | 3.10

ஞானத்தகப்பன் கதையை நான் நம்பமாட்டேன். கப்பலில் வந்தவர்கள் சும்மா பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்களா? மோத்தா என்று ஒரு மாலுமி நிச்சயம் இங்கே தங்கியிருப்பான். தம்பி, டிஎன்ஏ டெஸ்ட் எடுங்கள். போர்ச்சுகல் பாஸ்போர்ட்டுக்கும் வழி இருக்கலாம்.

கோயில்தெரு | 3.42

அண்ணாச்சி, பாஸ்போர்ட் கனவெல்லாம் வேண்டாம். எங்க தெருவில பர்னாந்து வீட்டு மாப்பிள்ளைக்கும் பர்னாந்து வீட்டுப் பொண்ணுக்கும் கல்யாணம் நடக்கும், ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஒரே பேருன்னா ஒரே ரத்தம்னு நினைச்சிருந்தா நடக்குமா? பேரு மேல இருந்து விழுந்தது, அவ்வளவுதான். பூபாலராயர், வில்லவராயர்னு பழைய தமிழ்ப் பட்டமே குடும்பப் பேரா நிக்கிற வீடுகளும் எங்க ஊர்லயே இருக்கு.

சும்மா வந்தேன் | 4.05

சரி, பெயர் வந்த வழி ஓகே. ஆனா கேள்வியில பாதிக்கு யாருமே பதில் சொல்லலை. தென்னாப்பிரிக்கா ஏன் வருது?

ஜோபர்க் ஆறு வருஷம் | 6.30

நான் சொல்றேன். அங்கே மோத்தா எழுதுற அதே அஞ்சு எழுத்துல ஆப்பிரிக்கர்களுக்கே ஒரு குலப்பெயர் இருக்கு. என்கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் அந்தப் பெயர்க்காரர். சுவாசி மொழியில அதே பெயர் மோட்சா. சுலுவில ஹெச் போட்ட ட வர்ற இடத்துல சுவாசியில ட்ச வரும்; ரெண்டும் பக்கத்துப் பக்கத்து மொழி. போர்ச்சுகலுக்கும் தூத்துக்குடிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சைட்டுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் கண்ணு. எழுத்து ஒண்ணா இருந்தா எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டிடும்.

சும்மா வந்தேன் | 6.41

அப்ப போர்ச்சுகல் ஏன் வரலை?

மெய்ப்பு | இரவு 8.15

ஏனென்றால் அங்கே ஹெச் கிடையாது. எம் ஓ டி ஏ, பழைய எழுத்தில் இரண்டு டி. ஹெச் போட்டது நாம்தான்.

போர்ச்சுகீசியன் 'டி' என்று எழுதுவதை நாக்கைப் பல்லில் தொட்டு 'த' என்பான். நம்மவர் காதில் விழுந்தது மோத்தா, எழுதினதும் மோத்தா. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தமிழை இங்கிலீஷில் எழுதும்போது, 'த' வந்தால் ஹெச் சேர்ப்பது நம் வழக்கம் (கீதா, சாந்தா எழுதுவதைப் பாருங்கள்). அதே இடத்தில் இங்கிலீஷ்காரன் 'டி' சொன்னால் நம் காதுக்கு அது 'ட'. இதற்கு வீட்டுக் கொடியிலேயே சாட்சி தொங்குகிறது. போர்ச்சுகீசியன் வழியாக வந்தது துவாலை. இங்கிலீஷ்காரன் வழியாக வந்தது டவல். முகம் துடைப்பது ஒன்றுதான். மேஸ்திரி, பாதிரி எல்லாம் துவாலைக் கட்சி. டீச்சர், டிக்கெட் எல்லாம் டவல் கட்சி. மோத்தா துவாலைக் கட்சி.

கோயில்தெரு | 8.32

இது நல்லா இருக்கு அண்ணே. அப்ப பர்னாந்துவும் துவாலைதான். இப்பத்தான் டிவி பார்த்துட்டு எல்லாரும் பெர்னாண்டோங்கிறான்.

மண்வாசனை | 8.40

பெர்னாண்டோதான் சரி. பர்னாந்துங்கிறது கொச்சை.

கோயில்தெரு | 8.44

எது கொச்சை? வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிதண்ணி கொண்டுவந்த சேர்மன் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துன்னுதான் எங்க ஊர்ல சொல்லுவோம். அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த வாய்க்குத் தெரியாதா அவர் பேரு?

மண்வாசனை | 8.51

சண்டைக்கு வராதீங்க. நடிகர் சந்திரபாபு ரொட்ரிகஸா, ரொட்ரிகோவா? அதைச் சொல்லுங்க பார்ப்போம்.

பழைய ரிக்கார்டு | 9.00

ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். பனிமய மாதா பெயரே நடுவில் இருக்கிறது. இழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முத்துச்சிப்பி | 9.07

தூத்துக்குடி மக்ரூனும் போர்ச்சுகீஸ்தானே?

கோயில்தெரு | 9.10

மக்ரூன் எங்க ஊர் பேக்கரிக்காரங்க கைவேலை. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. முட்டையை அடிக்கிற கை யாரு கை?

மாட்டுங்கா மாமா | 9.12

தபால்ல அனுப்பினா நொறுங்கிப் போகுமா?

(மக்ரூன் பற்றி மேலும் பதினொரு பதில்கள். மட்டுறுத்துநர் தனி இழைக்கு மாற்றியிருக்கிறார்.)

கொழும்பு 13 | வியாழன், காலை 10.20

தாமதமாப் பார்த்தன். இங்கயும் மோத்தா இருக்கிறோம். தூத்துக்குடியில இருந்து வியாபாரத்துக்கு வந்து கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தங்கின பரதர் குடும்பங்கள். இலங்கைக் குடிசன மதிப்பில பரதர் எண்டு தனியாவே எண்ணுறாங்கள். 2012இல எல்லாக் குடும்பப் பெயரும் சேர்த்தே இரண்டாயிரத்துக்குக் கீழதான். அதுக்குள்ள மோத்தா எத்தனை எண்டு நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ. பெர்னாண்டோவை மட்டும் எண்ணாதீங்கோ, இங்க சிங்களவர்களில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கினம், அது வேற கதை. தம்பி, உங்கட ஆக்கள் ஒருத்தரும் கொழும்புக்கு வரேல்லையா? வடிவா விசாரிச்சுப் பாருங்கோ.

பழைய ரிக்கார்டு | 10.45

எண்ணிக்கை கேட்டவருக்கு: இந்தியக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர் வாரியாக எதையும் வெளியிடுவதில்லை. வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக இணையத்தில் கிடைக்கும். ஆனால் படமாக ஏற்றியிருப்பதால் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதிலும் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் சேரும்போதே தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக்கிவிட்டுக் குடும்பப் பெயரை விட்டவர்கள். அ. ஜோசப் என்று இருந்தால் அவர் மோத்தாவா மிராண்டாவா, யார் கண்டது?

பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடுதான் ஒரே வழி. பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். 'பத்ரினுஸ்' என்ற சொல்லுக்கு நேரே ஞானத்தகப்பன் பெயர். ஆனால் 16ஆம் நூற்றாண்டு மோத்தாவை அதில் பிடித்துவிடலாம் என்று கனவு காண வேண்டாம். சவேரியாரே 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையில் கொடுத்ததாகவும் சொல்கிறார். அந்தச் சீட்டுகளை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

கோயில்தெரு | 11.30

சும்மா ஒரு ஐடியா தம்பி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வாங்க. மெழுகுதிரி ஏத்த வர்ற சனத்தோட சனமா கல்லறைத் தோட்டத்துல நடந்து, கல்லு கல்லா எண்ணிருங்க. பதிவேடு எடுத்துத் தரக் கோயில்பிள்ளைக்கு நேரம் இருக்காது. கல்லு எங்கயும் போகாது.

அரைப்பக்கம் | மாலை 7.50

எல்லாருக்கும் நன்றி. கொழும்பு அண்ணன் கேட்டதும் அம்மாகிட்ட விசாரிச்சேன். பாட்டியோட தகரப்பெட்டி பரண்ல இருந்துச்சு. அடியில, நாலா மடிச்சு, கொழும்புக் கோயில் ஒண்ணோட கல்யாணச் சீட்டு. 1931. அப்பாவோட தாத்தா. மடிச்ச இடத்துல கிழிஞ்சிருக்கு. ஆனா பேரு தெளிவா இருக்கு: டி ஈ, அப்புறம் எம் ஓ டி டி ஏ. ஹெச் இல்லை!

கடல் தாண்டி யாரும் போகலைன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

மெய்ப்பு | 8.02

துவாலை.

சும்மா வந்தேன் | 8.06

போட்டோ போடுங்க!

கடற்படை ரத்தம் | 8.15

'டி' வேறு இருக்கிறது பாருங்கள். டி மோட்டா. பிரபுக்கள் வைத்துக்கொள்ளும் பெயர். நான் சொன்னேனே.

பழைய ரிக்கார்டு | 8.20

அந்த 'டி'க்கு 'உடைய' என்று பொருள். எங்கள் ஊர் 'மேட்டுத்தெரு' போல. பிரபுவும் வைத்துக்கொள்வான், பிரபுவின் சமையற்காரனும் வைத்துக்கொள்வான். அரைப்பக்கம், அந்தச் சீட்டைச் சாதா பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். வெள்ளைக் காகிதத்தில் பொதிந்து வையுங்கள். படம் எடுத்து இங்கே போட்டால் கையெழுத்தை வாசித்துத் தருகிறேன்.

வேர்ச்சொல் பித்தன் | 9.30

என் நான்கு பக்கம் தயார். எங்கே அனுப்ப?

சும்மா வந்தேன் | ஞாயிறு, காலை 9.00

அரைப்பக்கம், என்ன ஆச்சு? மேட்டர் போயிடுச்சா?

கொழும்பு 13 | ஞாயிறு, இரவு 7.15

தம்பி, அந்தச் சீட்டில சாட்சிகள் பேர் என்ன எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. எங்கட ஆக்களா இருக்கலாம்.

அரைப்பக்கம் | அடுத்த புதன், இரவு 11.20

மன்னிக்கணும், மலர் வேலைல மாட்டிக்கிட்டேன். அரைப்பக்கம் ஒண்ணரைப் பக்கமா வளர்ந்துருச்சு. துவாலை கதையும் சேர்த்துட்டேன். இன்னிக்குப் புரூஃப் வந்துச்சு. டைப் அடிச்சவர் உள்ள எல்லாம் சரியா அடிச்சிருக்கார். அட்டையில மட்டும், பெரிய எழுத்துல, 'மோட்டா குடும்பம் 50'. அண்ணி டெல்லிக்காரங்க. பார்த்ததுல இருந்து சிரிப்பை நிறுத்தலை. திருத்தச் சொல்லியிருக்கேன்.

கொழும்பு அண்ணே, சாட்சி ரெண்டு பேர். ஒருத்தர் பேர் கிழிசல்ல போயிருச்சு. இன்னொருத்தரும் மோத்தாதான். தனிச்செய்தில அனுப்பறேன்.

மாட்டுங்கா மாமா | 11.26

நான் அன்னிக்கே சொன்னேன்.