மூன்று கதவுக் கணக்கும் முனைவர்களின் கோபமும்

கேள்வி: இளவழகன்

வணக்கம். 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் 'பரேட்' இதழில், அதன் கேள்வி-பதில் பத்தியாளர் மர்லின் வோஸ் சாவந்த் ஒரு புதிருக்கு விடை எழுதினார். ஒரு போட்டி நிகழ்ச்சி. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னே கார், மற்ற இரண்டின் பின்னே ஆடுகள். நீங்கள் ஒரு கதவைச் சொன்னதும், உள்ளே இருப்பதை அறிந்த நிகழ்ச்சி நடத்துநர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டிவிட்டு, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார் மர்லின். ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை மறுப்பு, அவற்றிலும் பல ஏளனம். ஏறத்தாழ 1,000 கடிதங்கள் முனைவர் பட்டம் பெற்றவர்களுடையவை. தாளில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் கணக்குக்கு, படித்தவர்கள் ஏன் இவ்வளவு கொதித்தார்கள்?

பதில் 1: மதிவாணன்

மாறாதவர், முதல் தேர்வே சரியாக இருந்தால்தான் வெல்வார். அதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. முதல் தேர்வு தவறிய மற்ற இரு சமயங்களிலும் மாறியவரே வெல்வார். விடை இவ்வளவுதான். ஆனால் மூடிய கதவுகள் இரண்டு என்று கண்டதுமே மனம் 'சரிபாதி' என்று முடிவுகட்டிவிடுகிறது. கணக்கிடாமல் வந்த முடிவு என்பதால் அதில் பிழை தேடவும் தோன்றுவதில்லை. முனைவர் பட்டம் அந்த உறுதியைக் கூட்டியதே தவிர, சோதிக்கத் தூண்டவில்லை.

பதில் 2: நாச்சியார்

மறுத்தவர்களை அறிவிலிகளாக்குவதை நான் ஏற்கவில்லை. நடத்துநர் எப்போதும் ஆட்டுக் கதவையே திறந்தாக வேண்டும் என்ற விதி கேள்வியில் தெளிவாக இல்லை. போட்டியாளர் காரைத் தேர்ந்தபோது மட்டும் அவர் மாறச்சொல்லி ஆசை காட்டினால், மாறுபவர் தோற்பது உறுதி. 1991இல் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளரிடம், அத்தகைய நிகழ்ச்சியை நடத்திய மான்டி ஹாலே இதை விளையாடிக் காட்டினார்.

பதில் 3: மதிவாணன்

நாச்சியார் அம்மா, உங்கள் வாதம் சரியானது. எனக்கு இக்கதையில் சுவையான இடமும் அதுவே. வசைக் கடிதம் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஐயத்தை எழுப்பவில்லை. மர்லின் கொண்ட அதே விதியை ஏற்றுக்கொண்டுதான் அவர்கள் 'சரிபாதி' என்றார்கள். விதி தெளிவில்லை என்பது பின்னாளில் அவர்களுக்குக் கிடைத்த தற்காப்பு. 2011இல் அறிவாற்றல் அறிவியலாளர்களான ஹ்யூகோ மெர்சியேவும் டான் ஸ்பெர்பரும் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது: தனியாக உண்மையைத் தேடுவதைவிட, பிறரிடம் வாதாடி இணங்கவைப்பதற்கே மனிதப் பகுத்தறிவு உருவானது. தன் கட்சிக்குச் சான்று திரட்டுவதில் அது கெட்டிக்காரத்தனமாகவும், அதே கட்சியைச் சோதிப்பதில் சோம்பலாகவும் இருப்பது அதனால்தான் என்கிறார்கள்.

பதில் 4: கயல்விழி

பலரின் மனத்தை மாற்றியது வாதமன்று, சோதனை. மர்லின் பள்ளி வகுப்புகளில் இதை விளையாடிப் பார்க்கச் சொன்னார். முடிவுகளைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டதாகப் பலர் எழுதினர். மாபெரும் கணித மேதை பால் எர்டோஷ் கூட, கணினியில் திரும்பத் திரும்ப ஆடிக்காட்டிய பிறகே இறங்கிவந்தார். அப்போதும், காரணம் விளங்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாராம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புறாக்களுக்குத் தீனி வைத்து இதே ஆட்டத்தைப் பழக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அவை ஏறத்தாழ எப்போதும் மாறக் கற்றுக்கொண்டன. பலமுறை ஆடிய மனிதர்களோ அந்த அளவை எட்டவில்லை. புறாவுக்குத் தீனி கிடைத்ததா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. 'சரிபாதி' என்று முன்பே சொல்லிவிட்டோமே என்ற சங்கடம் அதற்கு இல்லை.