புதுப்பிப்பு: மின்னஞ்சல் சான்றிதழ்களை எங்கே வைப்பது?

முன்பு நான் கேட்டது இதுதான்: எஸ்/மைம் (மின்னஞ்சலைப் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் முறை) வழியில் மறையாக்கம் செய்து, அதாவது பெறுபவர் மட்டுமே படிக்கும்படி பூட்டி, மடல் அனுப்ப வேண்டுமானால், பெறுபவரின் சான்றிதழ் (அவருடைய பொதுத் திறவுகோல் அடங்கிய மின்னணு ஆவணம்) முதலில் நம் கையில் இருக்க வேண்டும். அதை எல்லோருக்கும் எப்படிக் கொண்டு சேர்ப்பது? "கையொப்பமிட்ட மடல் ஒன்றை அனுப்பினால் போதும், சான்றிதழும் கூடவே போய்விடும்" என்றார்கள் பலர். வெளியாட்களுக்கு இன்னமும் அதுதான் சுலபமான வழி.

அலுவலகத்துக்குள் எல்டாப் கோப்பகத்தையே (ஆட்களின் விவரங்களைப் பிணையம் வழியே தேடித்தரும் பட்டியல்) வைத்துக்கொண்டோம். முகவரிப் புத்தகம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவர் பதிவிலும் 'யூசர் சர்ட்டிஃபிகேட்' என்ற புலத்தில் சான்றிதழ் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அஞ்சல் நிரல் கோப்பகத்திடம் அதைக் கேட்கும்போது புலத்தின் பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளியும் 'பைனரி' என்ற சொல்லும் வர வேண்டும். சில நிரல்கள் இதை விட்டுவிடுகின்றன. அப்புறம் சான்றிதழ் இருந்தும் இல்லாத கதைதான்.

டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கான பொதுப் பதிவேடு) வழியைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. இதற்காக 2017இல் வந்த ஆர்எஃப்சி 8162 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அழகான யோசனை. முகவரியில் @ குறிக்கு முன்னுள்ள பகுதியை ஷா-256 என்ற கணக்கீட்டு முறை கொண்டு சுருக்கி, அந்தப் பெயரில் சான்றிதழை வெளியிடலாம். ஆனால் டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கட்டாயம், அஞ்சல் செயலிகளின் ஆதரவும் மிகக் குறைவு. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காலாவதியான சான்றிதழைக் கோப்பகத்திலிருந்து தாராளமாக நீக்குங்கள். அதற்குரிய தனித் திறவுகோலை (பூட்டிய மடலைத் திறக்கும் ரகசியச் சாவி) மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். அது போனால் பழைய மடல்களை யாராலும் திறக்க முடியாது. அந்தத் திறவுகோல்களுக்கான காப்புநகல் ஏற்பாடுதான் இன்னும் பாக்கி.