வெளியூரில் இருக்கும் பையனுக்கு ஃபோனிலேயே சமையல்: "கொஞ்சம்" என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கேட்டவர்: மூடிபோட்டசட்டி

பையனுக்கு 20 வயது, தனி அறையில் இருக்கிறான். சுருள் தட்டு வைத்த மின் அடுப்பு ஒன்று, நான்-ஸ்டிக் சட்டி ஒன்று, மூடியுள்ள பாத்திரம் ஒன்று. சமையல் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் அவன் அம்மா சமைப்பது முழுக்கக் கை அளவு. வீடியோ காலில் "கொஞ்சம் உப்பு போடு" என்றால் "கொஞ்சம்னா எவ்வளவும்மா?" என்கிறான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. சோறு அடியில் தீய்ந்து மேலே அரிசியாக நிற்கிறது. வெங்காயம் ஒன்று வெளுப்பு, இல்லை கருப்பு.

கை அளவை எழுத்துக்குக் கொண்டுவருவது எப்படி? வீடியோ காலில் எதைக் காட்டச் சொல்ல வேண்டும்? எதில் ஆரம்பிக்கலாம்?

கைத்தராசு

அவங்க கையை மாத்தச் சொல்லாதீங்க, அந்தக் கையைத் தராசுல ஏத்துங்க. 1 கிராம் வரை காட்டுற சமையல் தராசு போதும். சமைக்கிறதுக்கு முன்னாடி உப்பு டப்பா, எண்ணெய் பாட்டில், தூள் டப்பா எல்லாத்தையும் மூடியோட எடை போட்டு எழுதி வைங்க. அவங்க வழக்கம்போல சமைக்கட்டும், பேசவே வேண்டாம். முடிஞ்சதும் திரும்ப எடை போடுங்க. உப்பு டப்பா 412 கிராம் இருந்தது 401 ஆயிருந்தா, அன்னிக்கு "கொஞ்சம்"ங்கிறது 11 கிராம்.

தூள் வகையில ஒரு சிக்கல். 2 கிராம் போடுற இடத்துல தராசு 1 கிராம் பிசகினாலே பாதி போச்சு. அதனால ஒரே பதார்த்தத்தை மூணு தடவை செஞ்ச பிறகு எடை போட்டு மூணால வகுங்க. அதுவரைக்கும் அந்த டப்பாவை வேற எதுக்கும் தொடக் கூடாது.

பையன் கிட்ட தராசு வேண்டாம். 5 மில்லி, 15 மில்லி அளவுக் கரண்டி வாங்கிக்கச் சொல்லுங்க. வீட்டு ஸ்பூன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. தூள் உப்பு 5 மில்லி கரண்டியில தலை வழிச்சு எடுத்தா சுமார் 6 கிராம். கல் உப்புன்னா நடுவுல காத்து இருக்கும், அதே கரண்டியில எடை குறையும். ரெண்டு பக்கமும் ஒரே வகை உப்பா இருக்கணும்.

இப்போ முக்கியமானது. அஞ்சு பேருக்கான அளவை அஞ்சால வகுத்து அனுப்பாதீங்க. உப்பு, தூள், காய் எல்லாம் வகுக்கலாம். தண்ணியை வகுக்கக் கூடாது. தண்ணி எவ்வளவு ஆவியாகும்னு தீர்மானிக்கிறது பாத்திரத்தோட வாய் அகலமும் கொதிக்கிற நேரமும்தான், உள்ளே எவ்வளவு இருக்குங்கிறது இல்ல. பேச்சுக்கு, 1500 மில்லி தண்ணி திறந்த பாத்திரத்துல 20 நிமிஷம் கொதிச்சு 300 மில்லி குறையுதுன்னு வைங்க. ஒருத்தருக்குன்னு 300 மில்லி ஊத்தி அதே அகலப் பாத்திரத்துல வச்சா என்ன மிஞ்சும்? எண்ணெயும் இப்படித்தான், அது சட்டியோட அடிப்பரப்புக்கு ஏத்த அளவு. ஒருத்தருக்குச் சமைக்க 18 – 20 செ.மீ. பாத்திரம் போதும்.

அடுப்புபக்கம்

மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் பாதிக் குற்றவாளி அந்த அடுப்புதான். சுருள் தட்டில் திருகைக் குறைத்தவுடன் சூடு குறையாது. தட்டு ஆற சில நிமிடம் ஆகும். கேஸ் அடுப்பில் பழகியவர் "தீயைக் குறை" என்று சொன்னால், இவனுக்கு அதன் அர்த்தம்: பாத்திரத்தைத் தூக்கி ஓரமாக வை, திருகைக் குறை, ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வை.

அடி தீய்ந்து மேலே வேகாத சோறு இதன் அடையாளம். சூடு அதிகமாக இருந்து, வேக வேண்டிய நேரத்துக்கு முன்பே தண்ணீர் போய்விட்டது. இதற்கு வைத்தியம் இன்னொரு டம்ளர் தண்ணீர் அல்ல. அப்படி ஊற்றினால் அடுத்த தடவை கஞ்சியாகும். சாதாரண வெள்ளை அரிசி 1 கப்புக்கு 1¾ முதல் 2 கப் தண்ணீர். மூடாமல் கொதிக்கவிட்டு, கொதி வந்தவுடன் இறக்கி, திருகைக் கடைசி அளவுக்குக் குறைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மூடி போட்டு வைக்கவும். 15 நிமிடம், நடுவில் திறக்கக் கூடாது. பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, மூடியபடியே 10 நிமிடம். மேல் அரிசி இன்னும் நறுக்கென்று இருந்தால் 2 – 3 மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து மூடி, குறைந்த சூட்டில் 5 நிமிடம். அடி பிடித்துவிட்டால் கிளறவே கூடாது. மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். சுரண்டினால் தீய்ந்த வாடை முழுக்க ஏறிவிடும்.

வெங்காயத்துக்கு "5 நிமிடம் வதக்கு" என்று எழுதுகிறவர்கள் யாரும் கடிகாரம் பார்த்து எழுதியதில்லை! நடுத்தர வெங்காயம் இரண்டு பொன்னிறமாக மிதமான சூட்டில் 12 – 18 நிமிடம் ஆகும். நிமிடத்தை விடச் சத்தத்தைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் சடசடவென்று சத்தமும் ஆவியும் வரும், அது தண்ணீர் வெளியேறும் கட்டம். அப்போது நிறம் மாறாது, கண்ணாடி போலத்தான் ஆகும். சத்தம் மெலிந்து ஓரம் சிவக்க ஆரம்பித்ததும் அடுப்பை விட்டு நகரக் கூடாது, அங்கிருந்து கருகுவதற்கு ஓரிரு நிமிடம் போதும். ஒட்டினால் ஒரு கரண்டி தண்ணீர், எண்ணெய் வேண்டாம். நான்-ஸ்டிக்கில் மரக் கரண்டி, காலிச் சட்டியை முழுச் சூட்டில் விடக் கூடாது.

ஓரமாய்நில்

வீடியோ கால் பற்றி. முகத்தைக் காட்டினால் பேச்சுதான் ஓடும், சட்டி தீயும். ஃபோனை அடுப்புக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில், சட்டியின் உள்பக்கம் தெரிகிற மாதிரி சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நேர் மேலே பிடித்தால் ஆவி லென்ஸை மூடும். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் பச்சை வெங்காயமே பொன்னிறமாகத் தெரியும். வெள்ளைத் தட்டு மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை நம்பாதீர்கள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வீடியோ காலில் இருக்காதீர்கள். முதல் தடவை காலில் கூடவே இருங்கள். இரண்டாம் தடவை மூன்று கட்டத்தில் படம் மட்டும் அனுப்பட்டும். மூன்றாம் தடவை அவனே. இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமல் முட்டை உடைக்க மாட்டான்.

ஆரம்பம் முட்டைதான். கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி 7 நிமிடம் என்றால் மஞ்சள் கரு இளகலாக, 10 என்றால் கெட்டியாக, உடனே குளிர்ந்த நீருக்கு. ஒரு வாரத்தில் கடிகாரத்தை நம்பப் பழகிவிடுவான். அடுத்து சோறு. பிறகு மசூர் பருப்பு: ஊறவைக்கத் தேவையில்லை, திறந்த பாத்திரத்தில் 15 – 20 நிமிடம். தக்காளியைப் பருப்பு குழைந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பு முன்னாலேயே போனால் வேக நேரம் பிடிக்கும். கோழி கடைசியில்தான்.

இந்த நாலையும் அடுப்புப் பக்கம் காகிதத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்:

- எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. அடுப்பை அணைத்து, மூடியால் மூடு, பாத்திரத்தை நகர்த்தாதே.
- மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை. வெளியே கிடந்தால் கிருமி உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.
- கோழியைக் கழுவாதே, தெறிக்கும் நீரில் கிருமி பரவும். தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.
- ராஜ்மாவை 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடு. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தி எடுக்க வைக்கும்.

மூடிபோட்டசட்டி

நன்றி. தராசு இன்றே எடுத்து வைத்தாயிற்று. ஒன்று மட்டும்: உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடு என்கிறாள் அவன் அம்மா. சொல்லலாமா?

கைத்தராசு

கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சாதுங்க. உப்புத் தண்ணியைத்தான் உறிஞ்சும், மிச்சத்துல உப்புக் கரிக்கிறது அப்படியே இருக்கும். கிழங்கைச் சேர்த்தே சாப்பிட்டா அளவு கூடுறதால கொஞ்சம் தெரியாமப் போகும், அவ்வளவுதான். உப்பில்லாம வேகவச்ச பருப்போ காயோ சேர்க்கச் சொல்லுங்க. முதல்ல, உப்பை முக்கால்வாசி போட்டு, இறக்குறதுக்கு முன்னாடி ருசி பார்த்து மிச்சத்தைப் போடச் சொல்லுங்க. சுண்டின பிறகு உப்பு எப்பவும் தூக்கலாத் தெரியும்.